கராஜ் மாப்பிள்ளை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கார்லா காலில் போட்டிருந்த, ஊர்க் கால்பந்து அணி ஹாமர்ஸின் சாக்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அவள் கணவன் நீல் காரை ஓட்டினான்.

போன வாரம் தட்டுக் கழுவிக்கொண்டே நீல் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "இதோட சரி, கார்லா. இந்த சீசன் முடியட்டும். அப்புறம் உங்கப்பா கராஜ்ல நான் உக்கார மாட்டேன்." அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். டுடா குடும்பத்தில் பிறந்தவளுக்குக் கத்தல் பழகிய சங்கதி. மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தானே, அதுதான் வாரம் முழுக்க அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கராஜ் என்ன கராஜ் என்று இப்போதுதான் வந்து சேர்ந்தவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன வருடம், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அரையிறுதியில், ஒரே ஒரு உதை மிச்சம் இருந்தபோது, ஐஸ் எடுத்துவர கராஜுக்குப் போன நீல் சரியாக அந்த நொடியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஹாமர்ஸ் தோற்றார்கள். கார்லாவின் அப்பா ஹாங்க் டுடா, எஃகு ஆலையில் காலமெல்லாம் உலைச்சூட்டில் நின்றும் அழாதவர், அன்று சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்ததும் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு நீலின் ராசி முடிவாகிவிட்டது.

இந்த வருடம் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். நீல் கராஜுக்குப் போனால் ஹாமர்ஸ் அடித்தார்கள். திரும்பி வந்தால் பந்தைக் கோட்டைவிட்டார்கள். அக்டோபரில் கராஜில் ஒரு மடக்கு நாற்காலி முளைத்தது. நவம்பரில் ஒரு பழைய ரேடியோ. கிறிஸ்துமஸுக்குள் அது சட்டமே ஆகிவிட்டது. ஆட்டம் தொடங்கினால் நீல் கராஜில், கதவு சாத்தியிருக்கும், முடியும்வரை யாரும் திறக்கக்கூடாது.

நீங்கள் சிரிக்கலாம். இந்த ஏரிக்கரை ஊரில் யாரும் சிரிப்பதில்லை. எதிர்வீட்டு டெல்மா ஆட்டம் முடியும்வரை ஒரு காலில்தான் சாக்ஸ் போடுவாள். அவள் கணக்கு டீச்சர்.

கார்லாவும் நம்பினாள். நீலிடம் மட்டும் அதை அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. அப்பாவுக்காகப் பொறுத்துக்கோ, அம்மாவோட நிம்மதிக்காகப் பொறுத்துக்கோ என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். நீல் மேற்கே ஓரிகன் மாநிலத்து ஆள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் நடக்கப் போவார்களாம். அவன் கராஜில் உட்கார்ந்தது பந்தாட்டத்துக்காக அல்ல, அவளுக்காக. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இன்று மறுபடி அரையிறுதி.

* * *

ஹாங்க் வாசலிலேயே நின்றிருந்தார். செப்டம்பரிலிருந்து தண்ணீர் காணாத செங்கல் நிற ஹாமர்ஸ் சட்டை. மனைவி பெவ் அதைத் துவைக்கக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

"வாங்க மாப்ளே, வாங்க! கால் எடுத்து வைங்க. இல்ல இல்ல, இந்தப் பக்கம் வேணாம். கராஜ் வழியா வாங்க."

"வணக்கம் மாமா" என்றான் நீல். "ஆட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கே."

"எதுக்கு ரிஸ்க்கு?"

மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. இவ்வளவு பணிவாக ஒரு மனிதனை வீட்டுக்கு வெளியே உட்கார வைக்க ஹாங்க் ஒருவரால்தான் முடியும்.

ஆனால் இன்று அவர் முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷமும் இருந்தது. வெளியே ஏரியிலிருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்தது. பனி முழங்கால்வரை ஏறியிருந்தது. போன வாரம் குளிர் இவ்வளவு இல்லை.

"பாருங்க, உங்களுக்காக என்ன பண்ணியிருக்கேன்னு."

கராஜ் நடுவில் ஒரு கேஸ் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போகும்போது கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வாரே, அதே ஹீட்டர். அதை அவர் சொந்தத் தம்பிக்குக்கூடக் கடன் கொடுத்தது கிடையாது.

"நீங்க குளிர்ல நடுங்கினா எனக்கு நல்லா இருக்குமா சொல்லுங்க?"

"தேங்க்ஸ் மாமா" என்றான் நீல். அது மனதாரச் சொன்ன நன்றிதான்.

தெருப்பக்கத்துப் பெரிய கதவை ஹாங்க் ஒரு சாண் உயரம் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினார். "காத்து வரணும் மாப்ளே. இந்த ஹீட்டரை அடைச்ச இடத்துல வெச்சா ஆபத்து. கார்லாவைக் கேளுங்க, சின்னப் புள்ளையில கூடாரத்து மடிப்பைத் திறந்து வைக்க மறந்துட்டாளேன்னு முதுகுல ஒண்ணு வெச்சேன்."

"வெச்சாரு" என்றாள் கார்லா. "இன்னும் வலிக்குது."

நீல் சிரித்தான். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பெவ் நீலத் தட்டில் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையும் தொத்திறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தாள். போன வாரமும் அதே தட்டுதான். கார்லா குனிந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றாள் காதோரம்.

"ஜெயிச்சா அடுத்த ஞாயிறு ஃபைனல். அதையும் சேத்துத்தான் சொல்றியா?"

சமையலறைக்குப் போகும் உள்கதவை அவளே சாத்தினாள்.

* * *

ஆரம்பமே சரியில்லை. எதிரணியான தெற்கத்திக்காரர்கள் பந்தைக் கையில் வாங்கியதும் விறுவிறுவென்று நடந்து வந்து எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். அடுத்து ஹாமர்ஸ் பந்தை எடுத்தார்கள், ஒரு அடி நகர முடியவில்லை.

ஹாங்க் சோபாவின் இடது மூலை. பெவ் அடுப்பங்கரை வாசல், அவள் உட்காரக்கூடாது. கார்லா தரையில் கம்பளத்தின் கிழிசல் மேல். அவள் அண்ணன் ரஸ் டி.வி.க்குப் பக்கத்தில் நின்றபடி. எல்லாம் போன வாரம் போலவே.

"எல்லாம் அதே மாதிரிதானே இருக்கு?" என்றார் ஹாங்க். "எங்கயோ தப்பு நடந்திருக்கு. யோசிங்க. எல்லாரும் யோசிங்க."

"தட்டு அதே தட்டுதான்" என்றாள் பெவ்.

"மச்சான் சட்டையும் அதேதான், நான் பாத்தேன்" என்றான் ரஸ்.

ஹாங்க் சட்டென்று நிமிர்ந்தார். "கதவு! போன வாரம் பெரிய கதவு முழுசா மூடியிருந்துச்சா இல்லையா?"

"மூடித்தான் இருந்துச்சு" என்றான் ரஸ்.

"போடா! ஓடு!"

ரஸ் கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினான். கட்டையை உருவினான். கதவு தரையில் இறங்கி உட்கார்ந்தது. கட்டையோடு அவன் திரும்பி உள்ளே நுழைந்தபோது டி.வி.யில் எதிரணிக்காரன் கையிலிருந்து பந்து நழுவியது. ஒரு ஹாமர்ஸ் ஆள் அதன்மேல் விழுந்தான்.

வீடு அதிர்ந்தது. ஹாங்க் மகனைக் கட்டிப்பிடித்தார். ரஸ் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி முத்தமிட்டார். "இது இங்கயே இருக்கட்டும்" என்று டி.வி. மேசைமேல் வைத்தார்.

யாருக்கும் ஹீட்டர் ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. சற்று முன்னால்தான் அத்தனை விவரமாகச் சொன்ன மனிதர். ஆனால் பந்து கைமாறிய நேரத்தில் அவருக்கு அவர் பெயரே ஞாபகம் இருந்திருக்காது. கார்லாவும் அங்கேதான் இருந்தாள். அவளும் கைதட்டினாள்.

கராஜ் பக்கத்து நடையில் விஷவாயுவுக்கு அலறும் ஒரு கருவி மாட்டியிருந்தது. அதன் பேட்டரிகள் போன வாரத்திலிருந்து டி.வி. ரிமோட்டுக்குள் இருந்தன.

* * *

நீலிடமிருந்து மெசேஜ்கள் வந்தபடி இருந்தன.

'உங்கப்பா ஹீட்டர் பிரமாதம். கராஜ்ல கோடை விடுமுறை.'

'கதவு தானா மூடிக்கிச்சு. பேயா, ரஸ்ஸா? நான் திறந்தா உங்கப்பா கொன்னுடுவாரு.'

'ரேடியோக்காரன் கத்துற கத்துல பியரோகி ஜீரணமாயிருச்சு.'

கார்லா படித்துச் சிரித்தாள். கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். இடைவேளையின்போது ஹாமர்ஸ் முன்னணியில் இருந்தார்கள். அவள் எழுந்து கராஜ் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறே?"

"ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேன்ப்பா."

"போன வாரம் இடைவேளைல போனியா?"

போகவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

பெவ் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்குத் தலை கிண்ணுங்குது. அடுப்புச் சூடு போல."

மறுபாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அதிர்ந்தது.

'தலை வலி. வயத்தையும் புரட்டுது. மாத்திரை கொண்டு வர்றியா?'

கேலி இல்லை, கிண்டல் இல்லை. கார்லா எழுந்தாள். அதே நேரம் ஹாமர்ஸ் எல்லைக்கோட்டுக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றார்கள்.

"உக்காரு!" என்றார் ஹாங்க்.

"நீலுக்குத் தலைவலியாம்ப்பா."

"எனக்கு நெஞ்சே வலிக்குது. உக்காரு. இந்த ஒரு வாய்ப்பு முடியட்டும்."

ஒரு வாய்ப்பு முடிந்தது. எதிரணி மறித்துவிட்டது. இன்னொன்று முடிந்தது, அதையும் மறித்தார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு விளம்பரம் வந்தது. அப்போதுதான் கார்லா நழுவினாள். குளியலறை அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, கராஜ் கதவின் குமிழில் கை வைத்தாள்.

உள்ளே ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. கை பட்ட பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

"கார்லா!" கூடத்திலிருந்து அப்பாவின் குரல். அது கோபம்கூட இல்லை, கெஞ்சல். "என் தங்கம்ல? திறக்காதம்மா. மூணாவது வாய்ப்பு. இப்பத் திறந்தா போச்சு."

குமிழைத் திருக ஒரு நொடி போதும். அவள் விரல்கள் அங்கேயே இருந்தன. போன வருடம் கம்பத்தில் பட்டுத் தெறித்த பந்து கண்முன்னால் வந்தது.

பழைய வீட்டுக் கதவு. அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. கார்லா குனிந்தாள். மாத்திரை அட்டையை அந்த இடைவெளியில் வைத்துத் தள்ளினாள்.

"நீல், மாத்திரை கீழே இருக்கு. எடுத்துக்கோ."

பதில் இல்லை. ரேடியோ சத்தத்தில் கேட்டிருக்காது. இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அவள் எழுந்தாள். கூடத்துக்கு வருவதற்குள் ஹாமர்ஸ் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

ஹாங்க் அவளைத் தூக்கிச் சுற்றினார். "பாத்தியா! திறக்கலைல்ல? பாத்தியா!"

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் கார்லாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

* * *

அதற்குப் பிறகு எல்லாம் சரிந்தது.

தெற்கத்திக்காரர்கள் ஒரு தடவை அடித்தார்கள். இன்னொரு தடவை அடித்தார்கள். ஹாமர்ஸின் ஆட்டக்காரன் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு ஓடினான். கடைசிக் கால்பகுதி முடியப்போகும் தறுவாயில் எதிரணி முந்திவிட்டது.

ஹாங்க் மேசைமேலிருந்த கட்டையை எடுத்து இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். உதடுகள் என்னவோ முணுமுணுத்தன.

கார்லா போனைப் பார்த்தாள். தலைவலிச் செய்திக்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் அனுப்பிய 'எப்படி இருக்கு?' அப்படியே கிடந்தது. 'கோவமா?' அதுவும். 'நீல்?'

நீல் கோபப்படுவான். ஆனால் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. சண்டை போட்ட அன்றுகூட, பால் வாங்கணுமா என்று கேட்டால் வாங்கு என்று பதில் போடுகிறவன்.

ஹாமர்ஸ் நகர ஆரம்பித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக. கடிகாரத்தில் சில நொடிகளே இருந்தபோது நின்றார்கள். உதைக்கிறவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். போன வருடத்து அதே ஆள். இந்த உதை கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி.

பெவ் கண்ணை மூடிக்கொண்டாள். ரஸ் மண்டியிட்டான். எதிரணிப் பயிற்சியாளர், உதைப்பவனை நடுங்க வைப்பதற்கென்றே, ஓய்வு நேரம் கேட்டார். எல்லாம் நின்றது.

கார்லா தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தாள். சமையலறையிலிருந்து பார்த்தால் கராஜ் கதவு தெரியும். தரையில் என்னவோ பளபளத்தது.

மாத்திரை அட்டை. பாதி கதவுக்கு உள்ளே, பாதி வெளியே. அவள் எப்படித் தள்ளினாளோ அப்படியே இருந்தது.

கையில் டம்ளரோடு அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பாவின் மார்பில் அந்தக் கட்டை இருந்தது.

கட்டை இங்கே இருக்கிறது. அப்படியென்றால் கதவு மூடியிருக்கிறது. ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கிறது.

உறைந்த ஏரி, கூடாரம், முதுகில் விழுந்த அடி, அடித்துவிட்டு அப்பா அவளைக் கட்டிக்கொண்டு நடுங்கியது, எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. தூங்கிப் போயிருவோம் கண்ணு. தூங்கினது நமக்கே தெரியாது. அன்று அவர் சொன்னது.

அவள் ஓடிக் குமிழைப் பிடித்தாள்.

"கார்லா!" ஹாங்க் பார்த்துவிட்டார். "கையை எடு! உதைக்கப் போறான்! எடுடி கையை!"

"அப்பா, உங்க கையில என்ன?"

"ராசிக் கட்டை. கையை எடுன்னு சொல்றேன்ல!"

"அது எங்க இருக்கணும்ப்பா?"

ஹாங்க் கட்டையைப் பார்த்தார். அதையே பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனது. கட்டை தரையில் விழுந்து உருண்டது.

கார்லா கதவைத் தள்ளினாள்.

கதவு முழுதாகத் திறக்கவில்லை, எதிலோ இடித்தது. குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. இடித்தது நீலின் தோள். நாற்காலி கவிழ்ந்திருந்தது. அவன் கதவைப் பார்த்தபடி தரையில் குப்புறக் கிடந்தான்.

"மூச்சைப் புடி!" ஹாங்க் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஹீட்டரைத் திருகி அணைத்தார். பெரிய கதவின் கைப்பிடியைப் பிடித்து, ஆலையில் எதையோ தூக்குவது போல ஒரு உறுமலோடு தூக்கினார். பனிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து நீலை வெளியே இழுத்துப் பனியில் போட்டார்கள். ஹாங்கின் காலில் சாக்ஸ் மட்டும்தான்.

"பெவ்! போன் பண்ணு! ஆம்புலன்ஸ்!"

"நீல்! நீல், என்னைப் பாரு!" கார்லா அவன் கன்னத்தைத் தட்டினாள். மூக்கருகே காதை வைத்தாள். மூச்சு இருந்தது. நூல் போல இருந்தது. "இருக்குப்பா. மூச்சு இருக்கு."

"மாப்ளே. மாப்ளே, கண்ணைத் திறங்க." ஹாங்க் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "டேய் நீல், திறடா!"

அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ரஸ் கராஜ் கதவில் வந்து நின்றான். ஒரு கண் இங்கே, ஒரு கண் கூடத்து டி.வி.யில். வருவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தான்.

அப்போது தெரு முழுதும் கர்ஜித்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில். கதவுகள் படார் படாரென்று திறந்தன. பாத்திரங்களைத் தட்டினார்கள். கார்களில் ஏறி ஹார்ன் அடித்தார்கள்.

"ஜெயிச்சுட்டோம்" என்றான் ரஸ், ஏதோ கெட்ட சேதி சொல்வது போல. "கதவு திறந்திருந்துச்சே. திறந்திருந்தும்..."

பனியில் உட்கார்ந்திருந்த இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

* * *

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது. அங்கேயே நின்றது. உள்ளே வர வழியில்லை. தெரு நிறையக் கார், தெரு நிறைய ஜனம், எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஹாங்க் எழுந்தார். அந்தச் செங்கல் நிறச் சட்டையைத் தலைவழியே உருவினார். பனியனோடு தெரு நடுவே ஓடி, சட்டையைச் சுழற்றிச் சுழற்றிக் கத்தினார்.

"வழி விடுங்க! காரை எடுங்கடா! வழி!"

அவர்களுக்கு என்ன தெரியும்? ஹாங்க் டுடா சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றிவிட்டார் என்று நினைத்தார்கள். கைதட்டினார்கள். டெல்மா ஒற்றைச் சாக்ஸ் காலோடு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "ஹாங்க்! உங்க மாப்பிள்ளை வாழ்க! அடுத்த ஞாயிறும் அவரை அங்கயே உக்கார வைங்க!"

ஹாங்க் அவள் தோள்களைப் பிடித்தார். நீலின் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். டெல்மா திரும்பிப் பார்த்தாள். பனியில் கிடந்தவனையும், அவனைப் பிடித்துக்கொண்டிருந்த கார்லாவையும் பார்த்தாள். அதற்குப் பிறகு கூட்டத்தைக் கலைத்தது டெல்மாதான். டீச்சர் குரல், கார்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

நீலின் முகத்தில் ஆக்சிஜன் மாட்டி ஏற்றினார்கள். ஒருவர்தான் கூட வரலாம் என்றாள் ஆம்புலன்ஸ் பெண். கார்லா ஏறினாள்.

"நானும் வரேன்" என்றார் ஹாங்க். பனியன் நனைந்திருந்தது, தாடை கிடுகிடுவென்று ஆடியது. "கார்லா, நானும் வரேன்ம்மா. அவன்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க வெளியவே இருங்கப்பா" என்றாள் கார்லா.

கதவைச் சாத்தினாள்.

* * *

பெரிய சாலைக்கு வந்ததும் நீலின் இமைகள் அசைந்தன. கார்லா அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது, அவளுக்கு.

"நீல். நான்தான். ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"பேசாதீங்க சார்" என்றாள் ஆம்புலன்ஸ் பெண்.

"ஜெயிச்சாங்களா?" என்றான் நீல். குரல் உரசியது.

"ஜெயிச்சாங்க."

"யாரு கதவைத் திறந்தது?"

"நான்தான். ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே திறந்துட்டேன், நீல். கடைசி உதைக்கும் முன்னாடி. அப்பா கத்தினாரு, நான் கேக்கல." கண்ணீர் ஓட அவள் சொன்னாள். அவன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெசேஜ் போட்டதும் எழுந்திரிச்சேன்" என்றான். "காலு வரல. விழுந்துட்டேன். கன்னம் தரையில. கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரிஞ்சுது."

"பேசாத நீல், அப்புறம் பேசலாம்."

"உன் ஹாமர்ஸ் சாக்ஸ் தெரிஞ்சுது. வந்து நின்னுச்சு. அப்பாடா, வந்துட்டாள்னு நினைச்சேன். உன்னைக் கூப்பிட்டேன். சத்தம் வரல."

கார்லா குனிந்து தன் சாக்ஸைப் பார்த்தாள்.

"மாத்திரை மட்டும்தான் உள்ள வந்துச்சு, கார்லா."

அவள் பிடியிலிருந்து அவன் கை நழுவியது. முகமூடியை அவனே இழுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.